நான்கு பேர், இருபத்தொரு நாள்

ஹொரமாவில் எங்கள் மனை முப்பதுக்கு நாற்பது.
மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் போக
மிஞ்சிய இடத்தில்
தனிஸ்லாஸ் ஒரு பண்ணை வைத்தான்.

ஊரடங்கில் மூன்று மாதம் சம்பளம் நின்றபோது
மளிகைக்கடையில் கடன் சொன்ன கசப்பு
அவன் நாக்கை விட்டு இன்னும் போகவில்லை.

பீன்யாவில் லேத்து ஓட்டுகிறவன்,
அளக்காமல் எதுவும் செய்யமாட்டான்.
மழைநீருக்கு நீல டிரம் ஐந்து,
முதல் மழையின் அழுக்கைத் துப்பிவிடத்
தானே கடைந்த ஒரு திருகு.
சிமெண்டு மூட்டைகளில் சர்க்கரைவள்ளி.
செத்த ஃப்ரிட்ஜை மல்லாக்கக் கிடத்தி
அதற்குள் பசலை.
தொட்டிக்கு அடியில், கம்பிக்கூண்டில், ஏழு கோழி.

ஒரு நோட்டும் போட்டான்.
ஆளுக்கு நாளைக்குத் தண்ணீர் பன்னிரண்டு லிட்டர்
(குளியல் கிடையாது),
அரிசி இவ்வளவு, கேழ்வரகு இவ்வளவு, உப்பு இவ்வளவு.
கடைசிப் பக்கத்தில் இரட்டைக் கோடிட்டு:
நான்கு பேர். இருபத்தொரு நாள்.

"யுத்தமா வரப்போகுது?" என்றேன்.
"எது வரும்னு தெரிஞ்சா
அதுக்கு மட்டும் வெச்சிருப்பேனே."

கீழ்வீட்டுச் சென்னவீரப்பா
கோழி நாற்றம் என்று குடியிருப்போர் சங்கத்தில் மனுக் கொடுத்தார்.
கேட்டிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.
பூசைக்கு உடுத்திய சேலையில்
உரக்கரைசல் தெறித்த ஞாயிறன்று
நிஜமாகவே பேனாவைத் தேடினேன்.

செப்டம்பரில், இரவு இரண்டரைக்கு,
ராஜகால்வாய் உடைந்தது.
ஏரி தன் பழைய விலாசத்துக்கு வந்து சேர்ந்தது.
முதலில் மிதந்தது யாருடைய செருப்போ.
பிறகு ஒரு காஸ் சிலிண்டர்,
நிதானமாக, வீடு தேடுவதுபோல.

படியேறி வந்தவர்களை நான் எண்ணவில்லை.
அவன் எண்ணினான்.
சென்னவீரப்பாவும் மனைவியும்.
காவலாளி வீட்டில் தில்மாயாவோடு ஐந்து பேர்.
எதிர்க்கட்டிடத்துப் பையன்கள் மூன்று பேர்,
இரண்டு வருஷமாகப் பெயர் கேட்டதில்லை.
நாங்கள், இரண்டு பெண்பிள்ளைகளோடு, நாலு.
பதினாலு.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இருபத்தொன்றை நாலால் பெருக்கினான்,
பதினாலால் வகுத்தான்.
ஆறு நாள்.
மீதியே வராததில் அந்த நேரத்திலும்
அவனுக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

சென்னவீரப்பாவின் கையில் பிளாஸ்டிக் டப்பா.
இன்சுலின்.
கரண்டு இல்லை. நோட்டில் அதற்குப் பத்தியும் இல்லை.
பயறு முளைகட்டும் பானையை ஈரமணலில் புதைத்து
நனைந்த சாக்கைச் சுற்றி
கோழிக்கூண்டை ஒட்டி வைத்தேன்;
மாடியில் வெயில் தொடாத இடம் அது ஒன்றுதான்.
வேளாவேளைக்கு அங்கே வந்து குனிந்தார் மனிதர்.
மூக்கைப் பொத்தவில்லை.

முட்டையை அவர் தொடமாட்டார்,
வள்ளிக்கிழங்கு அவரைத் தொடக்கூடாது.
கேழ்வரகுக் களியும் பசலைச் சாறும்
அவர் மனைவி கிளறியதுதான் எல்லோருக்கும்.
நான் கிளறினால் கட்டி தட்டுகிறதாம்.

தில்மாயாவின் மூத்தவள் இரண்டாம் நாள்
என் காதருகே வந்து நின்றாள்.
அதுவும் நோட்டில் இல்லை.
ஆண்பிள்ளை போட்ட கணக்கு.
என் பழைய நைட்டியைக் கிழித்தேன்.

நாலாம் நாள் ரப்பர் படகு வந்தது.
இரண்டு நாள் மிச்சம் என்றான் தனிஸ்லாஸ்,
யாரிடமோ கடன் தீர்த்தவன் முகத்தோடு.

சேறு வழித்து முடிய மூன்று வாரம்.
மனு என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை.
சென்னவீரப்பாவாகத்தான் சொன்னார்,
சங்கத்துக் கோப்பு நனைந்து கூழாகிவிட்டதென்று.
புதிதாக எழுதுவீர்களா என்றேன்.
பசலைக் கொடி ஒரு முழம் கேட்டார்.

புது நோட்டில் 'பேர்' என்ற இடத்தில்
இப்போது பென்சில்.

கோழிகள் மட்டும்
அன்றைக்குப் பயந்தது பயந்ததுதான்,
இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை.
விடிந்ததும் முதல் வேலையாக
வைக்கோலுக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்க்கிறேன்.
நான்தான்.